மீற்றர் உறுதியல்ல
(கிளிநொச்சியில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்த தலைப்பு கொஞ்சம் நீளம்: "வாடகைக் குடியிருப்பாளரின் மின் இணைப்பு உரிமையும் வீட்டுச் சொந்தக்காரரின் ஆட்சேபமும்". ஊர் வாயில் இது ஒரேயொரு கேள்விதான். "வீட்டுக்காரர் மாட்டன் எண்டு சொல்லுறார். நான் கறண்ட் எடுக்கலாமோ?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடையில் எழும்பிப் போக வேண்டியவர்கள் அதையாவது கொண்டுபோகட்டும். எடுக்கலாம். சட்டம் குடியிருப்பவர் பக்கம் இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தை வாங்கும் மேசை பெரும்பாலும் வீட்டுக்காரர் பக்கம் இருக்கிறது. "உறுதியின்ர கொப்பி கொண்டாங்கோ, சொந்தக்காரரின்ர சம்மதக் கடிதம் கொண்டாங்கோ" என்று அந்த மேசையில் சொன்னவுடன் எங்கள் ஆட்கள் பேசாமல் திரும்பி வந்துவிடுகிறார்கள். அப்படித் திரும்பி வரத் தேவையில்லை என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம். அந்த ஆண்டை எங்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. கொழும்பில் மின்விநியோகம் பற்றி விவாதித்து வாக்களித்த அதே ஆண்டில் நாங்கள் முள்ளிவாய்க்கால் கரையிலும், பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் முட்கம்பிக்குள்ளும் இருந்தோம். அந்தச் சட்டத்தில் எங்கள் குரல் ஏதும் இல்லை. ஆனாலும் அதன் 25ஆம் பிரிவு எங்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. விநியோக அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் நிறுவனம், தன் பிரதேசத்துக்குள் உள்ள ஒரு வளவின் சொந்தக்காரரோ அதில் குடியிருப்பவரோ கேட்டால், அந்த வளவுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். அதற்குத் தேவையான வயரையும் உபகரணத்தையும் போட வேண்டும். இதைக் கடமை என்றே சட்டம் வைத்திருக்கிறது. இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும் என்றோ, குடியிருப்பவர் கேட்பதற்குச் சொந்தக்காரர் தலையாட்ட வேண்டும் என்றோ அதில் இல்லை. கட்டணம், வைப்புப்பணம், வயரிங்கின் பாதுகாப்பு, லைன் வந்து சேரக்கூடிய தூரம் என்று நிபந்தனைகள் உண்டு. வீட்டுக்காரரின் மனநிலை அந்த நிபந்தனைகளுக்குள் வராது.

இப்போது சட்டம் கைமாறும் காலம். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025இல் வந்த திருத்தமும், ஒரே மின்சார சபையாக இருந்ததைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்கின்றன. தனியார்மயமா, மறுசீரமைப்பா என்று பத்திரிகைகளில் பெரிய விவாதம் நடக்கிறது. நடக்கட்டும். வன்னியில் வாடகைக்கு இருக்கிறவர் கேட்க வேண்டியது வேறு. நாளைக்கு எந்தப் பெயர்ப்பலகை தொங்கினாலும், குடியிருப்பவர் தானாகவே விண்ணப்பிக்கலாம் என்ற நிலை ஒழுங்குவிதிகளிலும் விண்ணப்பப் படிவங்களிலும் நழுவாமல் இருக்கிறதா? எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. அவர்கள் இதைவிடப் பெரிய கேள்விகளையே கேட்டுப் பழகியவர்கள். ஆனபடியால் நாங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

இங்கே இளம் ஆட்கள் இருப்பதால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. 1990இல் சண்டை மூண்டபின் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்சாரம் இல்லை. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். மண்ணெண்ணெய்க்கும் தடை. ஆகவே போத்தலின் அடியில் கொஞ்சம் எண்ணெய், அதில் ஒரு நூல் திரி. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டோம். போர் முடிந்து மக்கள் திரும்பிய பிறகுதான் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கும் 132 கிலோவோல்ற் உயரழுத்த வழிகள் வந்தன. வவுனியா–கிளிநொச்சி வழிக்கு யப்பான் கடன் கொடுத்தது, கிளிநொச்சி–சுன்னாகம் வழிக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி. ஏ9 வீதியில் வரும்போது வரிசையாகத் தெரிகிற அந்தக் கோபுரங்கள் எல்லாமே கடன்பணம். அந்தக் கடனைக் கட்டுகிற வரியில் வாடகை வீட்டில் இருப்பவரின் சீனியும் மாவும் உண்டு.

இந்த வரலாற்றால் ஒரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. கொழும்பில் வீடு கட்டினால் மின்சாரம் கூடவே வந்துவிடுகிறது. அங்கே வாடகைக்கு வருகிறவர் ஏற்கெனவே மீற்றர் உள்ள வீட்டுக்குத்தான் வருகிறார். இங்கே அப்படியில்லை. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் மானியத்தில் வீட்டைக் கட்டி முடித்தவர்களில் பலருக்கு வயரிங்குக்குக் கையில் காசு மிஞ்சவில்லை. பிறகு அந்த வீடுகளில் சில வாடகைக்குப் போயின. சொந்தக்காரர் வெளிநாட்டில், அல்லது யாழ்ப்பாணத்தில், அல்லது வேறொரு காணியில். வீடு இருக்கிறது, வாசலில் போஸ்ற் இருக்கிறது, இணைப்பு இல்லை. புதிதாக எடுக்க வேண்டியவர் வாடகைக்கு வந்தவர். ஆட்சேபத்தின் முழுக் கனமும் விழுவது இந்த இடத்தில்தான்.

வீட்டுக்காரர் ஏன் மாட்டேன் என்கிறார்? அவரைக் கெட்டவராக்கிவிட்டு நகர்ந்தால் இன்றைக்குக் கைதட்டல் கிடைக்கும், வேலை நடக்காது. அவருக்கு மூன்று பயம். வயரிங்கை ஒழுங்காகச் செய்யாமல் வீடு எரிந்துவிடும் என்பது ஒன்று. அது நியாயமான பயம். தகுதிபெற்ற மின் தொழிலாளி சோதித்துக் கொடுக்கும் அறிக்கை அதற்குத்தான் இருக்கிறது. பில் கட்டாமல் ஓடிவிட்டால் தன் தலையில் விழும் என்பது இன்னொன்று. இணைப்பு குடியிருப்பவரின் பெயரில் இருந்தால் வைப்புப்பணமும் அவருடையது, கடனும் அவருடையது. உண்மையில் மீற்றர் வீட்டுக்காரரின் பெயரிலும் பாவனை வாடகைக்காரரின் கையிலும் இருக்கும்போதுதான் அவருக்கு ஆபத்து. ஆட்சேபிக்கிற வீட்டுக்காரர் தனக்கே குழி தோண்டுகிறார் என்று சொன்னால் அவர் நம்புவதில்லை.

மூன்றாவது பயம்தான் பெரிய பயம். அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். எவ்வளவோ வற்புறுத்திக் கேட்டால், "இண்டைக்குக் கறண்ட் அவளின்ர பேரில வந்தா, நாளைக்குக் காணியும் அவளின்ர பேரில வந்திடும்" என்பார்கள். இடங்கொடுத்தால் மடம் பிடுங்கும் கதை. வன்னியில் காணி இழந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. இராணுவம் இருந்த காணி, வனத் திணைக்களம் எல்லைக்கல் போட்ட காணி, போலி உறுதி முடித்த காணி, பக்கத்து வளவுக்காரர் வேலியை அரக்கிய காணி. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை இருக்கிறது. சூடு கண்டவர்கள் பில்லில் உள்ள பெயரைப் பார்த்தும் பயப்படுவார்கள்.

ஆனால் சட்டம் அவர்கள் நினைப்பதுபோல இல்லை. பத்து வருட ஆட்சி என்று எங்கள் ஊரில் சொல்கிறார்களே, அது வெறுமனே பத்து வருடம் ஒரு வீட்டில் இருப்பது அல்ல. சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல், அவருக்கு எதிராக, இடையூறின்றி இருப்பது. வாடகை கொடுத்து இருப்பவர் சொந்தக்காரரின் அனுமதியோடு இருக்கிறார். அந்த இருப்பு எத்தனை வருடமானாலும் தானாக எதிர் ஆட்சியாக மாறாது. இன்னும் ஒன்று. எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டினுடையது. அதன் 116ஆம் பிரிவின்படி, வாடகைக்கு வந்தவர் அந்த வாடகை நீடிக்கும்வரை, வரும்போது வீட்டுக்காரருக்கு உரிமை இருந்தது என்பதை மறுத்துப் பேசவே முடியாது. சோலைவரிச் சிட்டையும் மின்பில்லும் ஒருவர் அங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சியாகலாம். இருந்தார் என்பதை யார் மறுத்தது? அவர் வாடகைக்கு இருந்தார் என்று ஒரு துண்டு எழுத்து இருந்தால் அந்தப் பில் வீட்டுக்காரருக்கு எந்தத் தீங்கும் செய்யாது.

அதற்கு மேல் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. ஆயுதப் போராட்டச் சூழலால் தன் காணிக்கு வர முடியாமலும் வழக்குப் போட முடியாமலும் போனவருக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை ஆட்சிக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதற்காகவே கொண்டுவந்தது அது. வெளிநாட்டில் இருந்துகொண்டு தொலைபேசியில் "வேண்டாம்" என்று சொல்கிற அண்ணன்மார் இதை அறிய வேண்டும். உங்கள் காணியைக் காக்கப் பாராளுமன்றம் தனியாக ஒரு சட்டமே செய்திருக்கிறது. அதற்கு மேலும் ஒரு குடும்பத்தை இருட்டில் வைத்துக் காக்க வேண்டிய அவசியம் இல்லை.

வீட்டுக்காரர் என்று நான் சொல்லிக்கொண்டு போகிறேன். வன்னியில் அந்த வீட்டுக்காரர் யார் என்று கண்டுபிடிப்பதே சில இடங்களில் பெரும்பாடு. உறுதி தகப்பன் பெயரில், தகப்பன் இறந்துவிட்டார், மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கவில்லை, பிள்ளைகளில் ஒருவர் காணாமல் போனவர், இன்னொருவர் சுவிஸ், மூன்றாமவரிடம் அற்றோணித் தத்துவம் இருக்கிறது என்கிறார், அதைக் காட்டமாட்டார். இதில் சம்மதக் கடிதத்தை யாரிடம் வாங்குவது? காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் இருக்கும் காணி என்றால் இன்னும் சிக்கல். அனுமதிப்பத்திரக்காரர் வாடகைக்குக் கொடுத்ததை வெளியில் சொல்லவே அஞ்சுகிறார், ஆகவே எழுத்தில் எதுவும் தரமாட்டார். பிறகு ஒற்றி. ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை வீட்டில் இருக்கிற எங்கள் தேசவழமைப் பழக்கம். ஒற்றிக்கு இருப்பவரும் குடியிருப்பவர்தான். அவரும் விண்ணப்பிக்கலாம்.

இவர்கள் எல்லாரையும்விடக் கடினமான நிலையில் இருப்பவர்கள் மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1958, 1977, 1983 கலவரங்களில் அடிவாங்கி இங்கே வந்து, பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், பொன்னகர் போன்ற இடங்களில் காட்டை வெட்டிக் குடியேறியவர்கள். பலருடைய கையில் உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் நெடுங்காலம் இல்லை. சில துண்டுகளுக்கு எங்கோ ஒரு பழைய சொந்தக்காரர் இருந்தார். அவர் அந்த மண்ணை மிதித்ததே கிடையாது. வயல் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் இவர்கள் வேண்டும், இவர்களுடைய வீட்டுக்கு வெளிச்சம் மட்டும் வேண்டாம் என்ற மனநிலை எங்கள் சமூகத்துக்குள் இருந்தது. அது முற்றாகப் போய்விட்டது என்று இந்த மேடையில் நின்று சொல்ல எனக்கு வாய் வராது. சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் கறண்ட் இல்லை என்று ஒரு அலுவலகம் சொல்லும்போது, அந்த விதி சாதியையும் பிறந்த இடத்தையும் பெயர் சொல்லாமலே பிரித்தெடுத்துவிடுகிறது.

பக்கத்து நாட்டில் இது எப்படித் தீர்ந்தது என்று பார்ப்போம். இந்தியாவின் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவும் சொந்தக்காரரோ குடியிருப்பவரோ கேட்டால் ஒரு மாதத்துக்குள் இணைப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. எங்கள் பிரிவும் அதுவும் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கும். 2022 மே 13 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் திலீப் எதிர் சதீஷ் என்ற வழக்கில் விடயத்தை முடித்துவைத்தது. மின்சாரம் அடிப்படை வசதி, வீட்டுக்காரர் ஆட்சேபமின்மைக் கடிதம் தரவில்லை என்பதற்காக வாடகைக்காரருக்கு மறுக்க முடியாது, விண்ணப்பித்தவர் அந்த இடத்தில் குடியிருக்கிறாரா என்பது ஒன்றைத்தான் மின் நிறுவனம் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

தமிழ்நாட்டில் அதற்கு முன்பே ஒரு நடைமுறை வழி இருந்தது. எனக்கு அந்தத் தீர்ப்பைவிட இந்த வழி பிடிக்கும், ஏனென்றால் இது வீட்டுக்காரரின் பயத்துக்கும் அலுவலரின் பயத்துக்கும் சேர்த்து மருந்து வைக்கிறது. தமிழ்நாடு மின் விநியோக விதித்தொகுப்பு, 2004. அதன் 27ஆம் ஒழுங்குவிதியில், சொந்தக்காரர் அல்லாதவர் விண்ணப்பித்தால் சம்மதக் கடிதம் கொண்டுவரட்டும் என்று இருக்கிறது. சொந்தக்காரர் கிடைக்கவில்லை அல்லது மறுக்கிறார் என்றால்? தான் சட்டப்படி அங்கே குடியிருப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், பிணக்கு வந்து நட்டமானால் தானே பொறுப்பு என்று ஒரு முறி எழுதிக் கொடுக்க வேண்டும், வைப்புப்பணத்தை இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். இரட்டிப்பு என்பது ஏழைக்குச் சுமை என்று வாதிடலாம், நானும் வாதிடுவேன். ஆனாலும் கதவு மூடப்படவில்லை. இந்த மாதிரி ஒரு படிவத்தை இங்கே எங்கள் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கொண்டுவருவதற்குப் புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை.

காணி அரசினுடையது என்றால்? 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியருக்கு எதிரான பிரகாஷ் வழக்கில், புறம்போக்கு நிலத்தில் இருக்கும் ஏழைகளின் மின் இணைப்பைப் பற்றிப் பேசியது. வெளிச்சம் இல்லாவிட்டால் பிள்ளையின் படிப்பும் வீட்டாரின் சுகமும் கெடுகின்றன, ஏழை மேலும் ஏழையாகிறான், ஆகவே இது வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று விரிவாக எழுதியது. இங்கே ஒரு வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. இந்திய அரசியலமைப்பில் வாழும் உரிமை 21ஆம் உறுப்புரையாக இருக்கிறது. எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் அப்படி எழுதிய உறுப்புரை இல்லை. ஆகவே திருவண்ணாமலைத் தீர்ப்பை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து கிளிநொச்சியில் வைக்க முடியாது. எங்களிடம் இருப்பது 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் சமத்துவம். ஒரே வீதியில் உறுதி உள்ளவருக்கு இணைப்பும் வாடகைக்காரருக்கு மறுப்பும் என்றால், சட்டமே இருவரையும் ஒரே வரியில் வைத்திருக்கும்போது அலுவலர் எந்த அடிப்படையில் பிரித்தார் என்று கேட்கலாம்.

எங்களுக்கு இன்னொரு உறவுக்கார நாடும் உண்டு. உரோமன்–டச்சுச் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற இடங்களில் ஒன்று இலங்கை, இன்னொன்று தென்னாபிரிக்கா. ஜொகனஸ்பேர்க்கில் ஒரு மாடிக் குடியிருப்பு. வாடகைக்காரர்கள் மாதாமாதம் வீட்டுக்காரரிடம் மின்பணத்தைக் கட்டினார்கள். அவர் அதை மாநகரத்துக்குக் கட்டவில்லை. 2008இல் மாநகர நிறுவனம் லைனை வெட்டியது. வாடகைக்காரர்களுக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஏனென்றால் ஒப்பந்தம் வீட்டுக்காரரோடுதான். 2009 ஒக்ரோபரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் ஜோசப் வழக்கில், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அந்த மின்சாரத்தை நம்பி வாழ்ந்தவர்களுக்கு முன்கூட்டியே 14 நாள் அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. பொதுச் சேவையைக் கொடுக்கிற நிறுவனம் பில்லில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு நின்றுவிட முடியாது என்பது அதன் சாரம். வவுனியா நகரில் ஒரு மீற்றரில் நான்கு குடும்பம் இருக்கும் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாடிக் குடியிருப்பு ஞாபகத்துக்கு வரும்.

சப் மீற்றருக்கு வருகிறேன். குருமன்காட்டிலும் வைரவபுளியங்குளத்திலும் பம்பைமடுப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் தங்கும் வீடுகளிலும் இதுதான் வழமை. வீட்டுக்காரரின் ஒரே மீற்றர், உள்ளே ஆளாளுக்கு ஒரு சப் மீற்றர். "தனி மீற்றர் ஏன் தங்கச்சி, நான் தாறன்தானே" என்பார். கேட்க அன்பாக இருக்கும். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. வீட்டு மின்கட்டணம் படிமுறையாக ஏறுவது. மாதம் 60 அலகுக்குள் நிற்பவருக்கு ஒரு கணக்கு. 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய விலை, மேலே போகப்போக இன்னும் கூட, நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். மூன்று குடும்பம் ஆளுக்கு 45 அலகு பாவிக்கிறது என்று வையுங்கள். தனித்தனி மீற்றர் என்றால் மூன்று பேரும் 60க்குள். ஒரே மீற்றரில் அது 135 அலகு. சிக்கனமாகப் பாவித்த மூன்று ஏழைக் குடும்பங்கள் சேர்ந்து தாளில் ஒரு வசதியான வீடாகிவிடுகின்றன. அரசு குறைந்த பாவனைக்காரருக்குக் கொடுத்த சலுகை யாருக்கும் கிடைக்காமல் ஆவியாகிறது. 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறி, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம் ஏறியபோது இந்தக் கணக்கின் வலியை அனுபவித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பிறகு குறைந்தது, பிறகும் ஏறியது. படிமுறை மட்டும் போகவில்லை.

அதோடு, அலகுக்கு இவ்வளவு என்று தானே விலை வைத்து வாங்குகிற வீட்டுக்காரர் ஒரு விடயத்தை மறந்துவிடுகிறார். மின்சாரத்தைப் பணத்துக்கு விநியோகிப்பது அனுமதிப்பத்திரமோ விலக்களிப்போ வேண்டிய தொழில். பில்லைப் பங்கிடுவது வேறு, பில்லில் இலாபம் பார்ப்பது வேறு. வாடகை பிந்தியதற்காகச் சுவிட்சை நிறுத்துகிறவர்களும் உண்டு. வாடகை பிந்தினால் அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. வீட்டுக்காரர் விரைவாக வீட்டைத் திரும்பப் பெறுவதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. அவ்வளவு வசதி செய்துகொடுத்த பிறகும் பியூசைக் கழற்றி எடுப்பது தண்டனையைத் தன் கையில் எடுப்பதுதான்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டில் ஒரு அறை எடுத்து இருக்கும் மாணவருக்குத் தனி மீற்றர் வாங்கித் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தனி வாசல், தனி வயரிங், தனியாகப் பிரித்துக் காட்டக்கூடிய இடம் இருந்தால்தான் தனி வளவு என்று வாதிட முடியும். அறைவாசிகளுக்கு நியாயமான பங்கீடும் பில்லைக் காட்டிப் பணம் வாங்கும் ஒழுங்கும் வேண்டும். அது வேறு போராட்டம்.

சரி, நாளைக் காலையில் என்ன செய்வது?

குடியிருப்பதற்கான ஆதாரத்தைச் சேருங்கள். வாடகை உடன்படிக்கை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வாடகைப் பற்றுச்சீட்டு, வங்கியில் போட்ட துண்டு, அந்த முகவரிக்கு வந்த கடிதம், வாக்காளர் இடாப்பு, பிள்ளையின் பாடசாலை அனுமதிப் பதிவு. விதானையாரிடம் போய், "இன்னார் இந்த இலக்க வீட்டில் இவ்வளவு காலமாகக் குடியிருக்கிறார்" என்று ஒரு கடிதம் கேளுங்கள். காணி யாருடையது என்று அவர் எழுதத் தேவையில்லை. அதை எழுதச் சொல்லி நெருக்கினால் அவர் பின்வாங்குவார், அது அவருடைய பிழையல்ல. குடியிருக்கிறார் என்பது மட்டும் போதும். பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தை வாய்மொழியில் மறுத்தால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். சண்டை பிடிக்க வேண்டாம். "ஐயா, மறுக்கிற காரணத்தை ஒரு துண்டில எழுதித் தாங்கோ, தமிழில தாங்கோ" என்று கேட்டால் போதும். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி, தமிழில் பதில் கேட்பது உங்கள் உரிமை. அந்தத் துண்டு கிடைப்பதே அரைவாசி வெற்றி. சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை என்பதைக் காரணமாக எழுதிக் கையெழுத்துப் போட எந்த அலுவலரும் இரண்டு தரம் யோசிப்பார். எழுதித் தரவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்.

பிறகு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு. கொழும்பில் இருந்தாலும் தபாலில் அனுப்பலாம். பாவனையாளருக்கும் அனுமதிப்பத்திரக்காரருக்கும் இடையிலான பிணக்கைத் தீர்ப்பது அதன் வேலை. வயர் வீட்டுக்காரரின் வளவுக்கு மேலால் போக வேண்டும், அவர் விடவில்லை என்றால், அதற்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் வழியுரிமை என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. மின் நிறுவனம் அறிவித்தல் கொடுத்து, பிரதேச செயலாளர் இருபக்கமும் விசாரித்துத் தீர்மானிக்கிற வழி. மின் நிறுவனம் இதைத் தானாகச் செய்ய முன்வருவது குறைவு, நீங்கள் கேட்க வேண்டும். பாகுபாடு என்று தோன்றினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியாப் பணிமனை இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் போங்கள். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போடுவதற்கும் ஒரு மாதம்தான் காலம். ஆணைக்குழுவுக்கு அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. ஆறு மாதம் அழுதுவிட்டு வழக்கறிஞரிடம் வந்தால் அவர் என்ன செய்வார்?

மத்தியஸ்த சபையையும் மறக்க வேண்டாம். அயலவர்களுக்கு இடையில் நீதிமன்றம் போனால் வழக்கு முடிந்தாலும் முகம் பார்க்க முடியாது. நான் சொன்ன மூன்று பயங்களையும் ஒரு மேசையில் வைத்துப் பேசினால் பாதிப் பேர் சம்மதிப்பார்கள் என்பது என் அனுபவம்.

வீட்டுக்காரர்கள் சிலரும் இன்று வந்திருக்கிறீர்கள், முகங்கள் தெரிகின்றன. உங்களுக்கு ஒரு காரியம் சொல்லி முடிக்கிறேன். அடுத்த வாடகை உடன்படிக்கையோ ஒற்றி முறியோ நொத்தாரிசிடம் எழுதும்போது இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். குடியிருப்பவர் தன் பெயரில் மின் இணைப்பு எடுக்கலாம், வைப்புப்பணமும் நிலுவையும் அவருடையவை என்பது முதல் வரி. அந்த இணைப்போ அதன் பில்லோ காணியிலோ வீட்டிலோ அவருக்கு எந்த உரிமையையும் தராது, வீட்டை விடும்போது கணக்கை முடித்து இணைப்பை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாய்ப்பேச்சில் வாடகைக்குக் கொடுத்தவர்கள் இந்த இரண்டு வரியை மட்டும் ஒரு தாளில் எழுதி, இரண்டு சாட்சியோடு ஒப்பமிடுங்கள். மாதிரி ஒன்றை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டத் தலைவரின் மேசையில் இருக்கிறது, போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.